நாலு பவுண்டு மூடி

மணி, கலா, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். போன வாரம் மணி போனில் கேட்டான். யாரோ ஒருவர் யுத்த காலத்து லாரி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி, கண்காட்சிக்கு ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி தயார் செய்யச் சொல்லி நம் பட்டறையில் விட்டிருக்கிறார், எல்லாம் இருக்கிறது, ரேடியேட்டர் மூடி மட்டும் இல்லை, எத்தனை பவுண்டு மூடி போடட்டும் என்றான். பின்னாலிருந்து கலா, ஏழும் இருக்கிறது, பதின்மூன்றும் இருக்கிறது, எதை எடுக்கட்டும் என்று சத்தம் போட்டாள். நான் நாலு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்ன கோபம் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். கோபம் ஒன்றும் இல்லை. நாலு என்று சொன்னவுடன் என் காதில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அது கேட்டு முடிகிற வரைக்கும் என்னால் வேறு பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் கலா திருத்திக்கொள்ளட்டும். உங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

மூடியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்ப்ரிங் இருக்கிறது. உள்ளே சூடேறி நீராவி முட்டும்போது, எத்தனை பவுண்டு வரைக்கும் அதை அமுக்கிப் பிடிப்பது என்பதைத்தான் மூடியின் தலையில் எண்ணாகப் போட்டிருப்பார்கள். அந்த அளவைத் தாண்டினால் ஸ்ப்ரிங் விட்டுக்கொடுக்கும், நீராவி பக்கத்துக் குழாய் வழியாக வெளியே போகும். எண் பெரிதாக இருந்தால் அதிகம் அமுக்கும், தண்ணீரும் அதிகச் சூடு தாங்கும், சீக்கிரம் கொதிக்காது. இவ்வளவுதான். இந்த அளவுக்கு எனக்கும் அன்றைக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் தெரியாமல் இருந்ததுதான் வினை.

அறுபதுகளின் நடுப்பகுதி. அரூரில் சேலம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையில் இருந்தேன். வயது இருபத்துமூன்று. மேஸ்திரிக்கு அடுத்த ஆள் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. பட்டறைக்கு வருகிற வண்டிகளில் காசிம் பாயுடைய வண்டி ஒன்றுதான் எனக்குத் தூக்கத்திலும் வரும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு வந்து, முடிந்ததும் ஏலத்தில் போய், நாலைந்து கை மாறி அவரிடம் வந்த வண்டி. நீள மூக்கு. மரக் கேபின். மேலே எத்தனை தடவை பச்சை அடித்தாலும் வெயில் ஒரு பக்கமாகச் சாயும்போது அடியில் இருக்கிற ராணுவ நம்பர் மங்கலாகத் தெரியும். தண்ணீருக்குள் கிடக்கிற காசு தெரிகிற மாதிரி தெரியும்.

காசிம் பாய் பதினெட்டு வருஷம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். அதற்கப்புறம்தான் இந்தக் கிழட்டு லாரியைச் சொந்தமாக வாங்கினார். அரூரிலிருந்து புளி, நிலக்கடலை ஏற்றிக்கொண்டு மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் போவார். யாராவது “லாரி வந்திருச்சா?” என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். “காசிம் வண்டி வந்திருச்சான்னு கேளு” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அப்படிக் கேட்காத வரைக்கும் சாவியை இடுப்பிலிருந்து எடுக்க மாட்டார்.

அந்த வண்டியில் சூடு காட்டுகிற முள் எப்போதோ செத்துவிட்டது. அந்த வட்டத்துக்குள் கண்ணாடியும் இல்லை. பாய் அதில் பீடிக்கட்டைச் செருகி வைத்திருப்பார். சூட்டைக் காதால்தான் பார்ப்பார். நீராவி வெளியேறுகிற செப்புக் குழாயின் நுனியைக் குறடால் நசுக்கி, மெல்லிய கீறல் மாதிரி விட்டிருந்தார். வண்டி மேடு ஏறிச் சூடானால் அந்தக் கீறல் வழியாக நீராவி வந்து விசில் அடிக்கும். முதலில், பிள்ளையைத் தூங்க வைக்கிறவள் உதட்டுக்குள் முனகுகிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரே சுரமாக நீண்டு மலையில் போய் மோதித் திரும்பி வரும். பாய் அதைப் பாட்டு என்பார். ‘பாடுறா, கேளு’ என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

ஒரு புளி சீசனில் அவர் வந்தபோது மேஸ்திரி மாரண்டஹள்ளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும். பாய் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டுவதற்குள்ளேயே, சமதரையிலேயே பாட ஆரம்பித்துவிடுகிறது, தண்ணீர் நிற்கவே இல்லை என்றார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். தலையில் ‘4’ என்று தேய்ந்துபோன எண். உள்ளே ரப்பர் கல்லாகி வெடித்திருந்தது.

“ரப்பர் போயிருச்சு தம்பி. முன்ன மாதிரி ஆக்கிக் குடு.”

அவர் கேட்டது அவ்வளவுதான். முன்ன மாதிரி. இந்த இரண்டு வார்த்தையை நீங்கள் பட்டறைச் சுவரில் எழுதி வைத்தாலும் தப்பில்லை.

எனக்கு ரப்பர் வெட்டிப் போடுகிற வேலை சின்ன வேலையாகத் தெரிந்தது. பட்டறையில் விபத்தில் நொறுங்கிய கார் ஒன்று கிடந்தது. அதன் ரேடியேட்டர் மூடியை எடுத்துப் பாயுடைய வண்டியில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. தலையில் ‘13’ என்று இருந்தது. நாலு எங்கே, பதின்மூன்று எங்கே? இனி இந்த வண்டி வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாது, காசிம் வண்டியைச் சரிசெய்தது நான்தான் என்று ஊரே சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன். மூடியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன். பழையதைக் கழிவு டப்பாவில் போட்டேன். பாயிடம் எண்ணைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அவரும் மூடியைத் தட்டிப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் எனக்குச் சேலத்தில் சாமான் வாங்க வேண்டியிருந்தது. பாய் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

அந்தக் காலைப் பயணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் செருகுகிறது. பின்னால் புளி மூட்டைகள். வெயில் ஏற ஏற அந்தப் புளிப்பு வாசனை கேபினுக்குள் வந்து நாக்கின் ஓரத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் மலை நகர்ந்து நகர்ந்து கிட்டே வருகிறது. வண்டி நகர்வதாகவே தெரியாது. மலைதான் நம்மைப் பார்க்க எழுந்து வருகிற மாதிரி இருக்கும். மேடு ஆரம்பித்தது. பாய் கீழ் கியருக்கு வந்தார். என்ஜின் ஒரே தாளத்தில் முனகிக்கொண்டிருந்தது. ரோட்டோரம் நடந்து போகிறவன் எங்களைத் தாண்டிப் போகலாம், அந்த வேகம். பாய் தலையை ஜன்னலுக்கு வெளியே சாய்த்துக் காதைக் காற்றில் வைத்திருந்தார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். தூக்கத்திலும் பெருமையாக இருந்தது.

இரண்டாவது வளைவு தாண்டியது. பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பாடலையே தம்பி.”

“இனிமே பாடாதுங்க பாய். தண்ணி வெளிய போனாத்தான பாடும்?”

அவர் அடுத்த வளைவு முழுக்கத் திரும்பி முடித்த பிறகு, தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற மாதிரி, “பாடவே பாடாதா?” என்றார். நான் சிரித்தேன்.

அதற்கு மேலே, ஐந்தாவது வளைவில் ஒரு அத்திமரம். அங்கேதான் பாய் எப்போதும் நிறுத்துவார். மலைமேல் வீடு இருக்கிற மாதம்மாள் என்கிற பெண் அங்கே இரண்டு குடம் தண்ணீரோடு நிற்பாள். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். சின்னதாக ஒரு கேழ்வரகுக் காடு, நாலு ஆடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஊற்று. பாய் இறங்கி, ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறப்பார், தண்ணீர் ஊற்றுவார், மூட்டையிலிருந்து இரண்டு கைப்பிடி புளி எடுத்து அவள் மடியில் போடுவார், ஏதாவது வம்பு பேசுவார்கள், வண்டி கிளம்பும். வருஷக்கணக்காக இது நடக்கிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவள் எப்படிச் சரியாக அந்த நேரத்துக்கு அங்கே வந்து நிற்கிறாள் என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை. நேரம் காட்ட அவளிடம் என்ன இருந்தது? கடிகாரமா இருந்தது?

அன்றைக்கு அத்திமரத்தடி காலியாக இருந்தது.

பாய் வேகத்தைக் குறைத்தார். மாதம்மாள் வரவில்லையே என்றார். நிறுத்தி, வருகிற வரைக்கும் ஒரு பீடி பிடிக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் குறைந்திருக்காது, நிறுத்தினால் மேட்டில் எடுப்பது கஷ்டம், ஓட்டுங்க என்றேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். பதினெட்டு வருஷமும் அதற்கு மேலும் அந்த ரோட்டில் ஓட்டியவர் அவர். ஆனால் மெக்கானிக் நான். என் வார்த்தையை நம்பி ஓட்டினார். மூடியை மாற்றியது என் முதல் தப்பு. இது இரண்டாவது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியது. தெரியாமல் செய்ததை விட, தெரிந்தவர் சந்தேகப்பட்டபோது அதை அடக்கியது பெரிய தப்பு.

இன்னும் இரண்டு வளைவு. முதலில் பெயின்ட் காய்கிற வாசனை வந்தது. அப்புறம் ரப்பர் வாசனை. பிறகு என்ஜினுக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி சத்தம். இழுவை செத்துவிட்டது. பாய் வண்டியை மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்தார். நான் குதித்துச் சக்கரங்களுக்குக் கல் போட்டுவிட்டு முன்னால் வந்து பானெட்டைத் தூக்கினேன்.

ரேடியேட்டரின் மேல் தொட்டி எப்போதும் தட்டையாக இருக்கும். அது உப்பியிருந்தது. பூரி மாதிரி உப்பி, பித்தளை மினுமினுத்தது. தொட்டியின் ஈயப்பற்று ஓரத்தில் ஒரு முடி அளவுக்குத் தண்ணீர்க் கோடு. அது கீழே விழவில்லை. விழுவதற்குள் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. எங்கும் ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவு அமைதியாக ஒரு வண்டி அழியப்போவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த வண்டிக்கு இன்னொரு ரேடியேட்டர் எங்கேயும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். சேலத்தில் இருக்கிற ஈயம் பற்றவைக்கிறவர் சொல்லியிருக்கிறார், இந்த மாதிரித் தொட்டி இரண்டுதான் பார்த்திருக்கிறேன், மற்றது பழைய இரும்புக்குப் போய்விட்டது என்று. ஓரம் பிளந்து உள் குழாய்களும் கிழிந்தால், காசிம் வண்டி அத்தோடு நின்றது.

நான் இதை நினைத்துக்கொண்டு நிற்பதற்குள், பாய் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு பம்பர் மேல் ஏறிவிட்டார். வருஷக்கணக்காகக் கொதிக்கக் கொதிக்கத் திறந்தவர். நாலு பவுண்டு நீராவி ஒரு சீறல் சீறிவிட்டு அடங்கிவிடும். அவர் கை மூடியின் மேல் போனது. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வுடு தம்பி. தொறக்கலன்னா வெடிச்சிரும்.”

“தொறக்காதீங்க பாய்.”

“நான் தொறக்காததா? வுடு.”

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வாயில் வரவில்லை. ‘ஆபத்துங்க’ என்று சொல்லலாம், ‘சுடுமுங்க’ என்று சொல்லலாம். அதெல்லாம் அவருக்குத் தெரிந்த விஷயம், கேட்க மாட்டார். உண்மையைச் சொன்னால்தான் அவர் கை நிற்கும். உண்மையைச் சொன்னால் என் பெயர் போகும். எத்தனை நேரம் யோசித்தேன் என்றா கேட்கிறீர்கள்? ஒரு மூச்சு நேரம் இருக்கும். அந்த ஒரு மூச்சு நேரத்தையும் நான் வீணாக்கினேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

“அது உங்க மூடி இல்லிங்க பாய். கார் மூடி. பதிமூணு பவுண்டு. தொறந்தா உங்க மூஞ்சி போயிரும்.”

அவர் கை நின்றது. மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தார்.

“மூஞ்சி போனாப் போவுது. இது போனா நான் மறுபடியும் அடுத்தவன் வண்டிடா.”

அதுவரை என்னை அவர் டா போட்டதில்லை.

நான் அவரைக் கீழே இறக்கினேன். என்ஜினை மறுபடியும் ஓட விட வேண்டும் என்றேன். அணைத்து வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடாமல் ஒரே இடத்தில் நின்று இன்னும் சூடேறும். மெதுவாக ஓடினால் தண்ணீர் சுற்றும், விசிறி காற்று அடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இப்போது எழுதும்போது பாடம் மாதிரி வருகிறது. அன்றைக்கு எனக்கு நிச்சயமில்லை. அப்போது வெடித்தால் என்ன பண்ணுவது என்று கேட்டார். தெரியலிங்க என்றுதான் சொன்னேன். தெரியவில்லை என்று நான் சொன்னதற்கு அப்புறம்தான் அவர் என் பேச்சைக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பேட்டரி அந்த வண்டிக்குப் பேருக்குத்தான். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஹேண்டில் போடுகிறவன் முகம் ரேடியேட்டருக்கு நேராக ஒரு முழ தூரத்தில் இருக்கும். பாய் ஹேண்டிலை வாங்க வந்தார். நான் அவரைக் கேபினுக்குள் போய் உட்காரச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்தது. என் கன்னத்தில் அந்தப் பித்தளையின் அனல் இருந்தது.

வண்டியில் ஒரே ஒரு டின் தண்ணீர் இருந்தது. அதை உள்ளே ஊற்ற வழியில்லை. சாக்கை நனைத்து உப்பிய தொட்டியின் மேல் மெதுவாகப் போர்த்தினோம். காய்ந்தால் மறுபடியும் நனைத்தோம். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் துணி போடுகிற மாதிரி, இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோம். சாக்கிலிருந்து புகை மாதிரி ஆவி எழுந்து வெயிலில் கரைந்தது. டின் முடிந்தது. தண்ணீர்க் கோடு இப்போது இரண்டு விரல் நீளத்துக்கு வந்திருந்தது.

அப்போது மேலே சரிவிலிருந்து கல் உருளுகிற சத்தம் கேட்டது. மாதம்மாள் தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகக் குறுக்குத் தடத்தில் இறங்கி வந்தாள். வரும்போதே பேச்சு.

“என்னா பாயி, இன்னிக்கித் திருடன் மாதிரி வர்றீங்க? ஊதவே இல்ல. நான் பாட்டுக்குக் களை எடுத்துக்கிட்டு இருக்கறன். வண்டி நின்னு போன சத்தம் கேட்டுத்தான் வந்தன்.”

பாய் என்னைக் காட்டினார். இவன்தான் வண்டி வாயை அடைத்துவிட்டான் என்றார். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங்க மெக்கானிக்கு, ஊதறத நிறுத்தினா எனக்கு எப்பிடித் தெரியும்? சாமி வந்து சொல்லுமா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது வளைவில் விசில் கேட்டவுடன் அவள் குடத்தை எடுக்கிறாள். ஊற்றில் மொண்டு, தடத்தில் இறங்கி அத்திமரத்துக்கு வருவதற்கும், வண்டி மூன்று வளைவு ஊர்ந்து ஏறி வருவதற்கும் சரியாக இருக்கிறது. அந்த விசிலை நான் வண்டியின் குறையாகத்தான் பார்த்தேன். பாயுடைய சூட்டு முள் அது. மாதம்மாளுடைய கடிகாரமும் அதுதான். நான் பளபளவென்று துடைத்து மாட்டிய மூடி, இரண்டையும் ஒரே திருகலில் நிறுத்திவிட்டது.

அவள் கொண்டுவந்த தண்ணீரில் சாக்கை நனைத்து நனைத்துப் போட்டோம். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. அத்தனை பயத்திலும் அது ஒரு கனவு மாதிரிதான் என் நினைவில் இருக்கிறது. என்ஜின் மெதுவாக முனகுகிறது. மலைமேல் ஆட்டு மணி. புளி வாசனை. ஈரச் சாக்கு வாசனை. மூன்று பேரும் ஒரு பித்தளைத் தொட்டியைச் சுற்றி நின்று, அதன் மேல் கண் வைத்திருக்கிறோம்.

திடீரென்று சாக்குக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பாய் கண்ணை மூடிக்கொண்டார். நான் சாக்கை எடுத்துப் பார்த்தேன். உப்பல் இறங்கித் தொட்டி தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. அதன் சத்தம்தான். கண்ணைத் தெறங்க பாய் என்றேன். அவர் திறக்கவில்லை. தொட்டியைக் கையால் தடவிப் பார்த்துத்தான் நம்பினார்.

இன்னும் ஆறவிட்டு, மூடியை, கழன்று வந்துவிடாமல் தடுக்கிற முதல் பிடி வரைக்கும் மட்டும் திருகினேன். நீராவி சீறி, பெருமூச்சு மாதிரி ஓய்ந்தது. அப்புறம் திறந்து, என்ஜின் ஓடும்போதே சொம்பு சொம்பாக ஊற்றினோம். ஈயப்பற்று ஓரத்தில் சொட்டுவது நிற்கவில்லை. மாதம்மாள் வீட்டுக்கு ஏறிப் போய் ஒரு பொட்டலம் மஞ்சள்தூள் கொண்டுவந்தாள். ஓட்டை விழுந்த ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவது நம் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். போட்டோம். கொஞ்ச நேரம் மஞ்சளாகச் சொட்டியது, மெதுவாக நின்றது. ரோட்டில் கல்யாண வீட்டு வாசல் மாதிரி மஞ்சள் பொட்டுகள்.

மூடியை நான் இறுக்கவில்லை. முதல் பிடியிலேயே நிறுத்தினேன். அப்படி வைத்தால் ஸ்ப்ரிங் அமுக்காது, பவுண்டே கிடையாது, ஆவி வந்தவுடன் வெளியே போய்விடும். பாய் மூட்டையிலிருந்து புளி எடுத்து மாதம்மாளுக்குக் கொடுத்தார். வழக்கத்துக்கு மேல் கொடுத்தார். அவள் பாதியைத் திருப்பி மூட்டையில் போட்டுவிட்டு, “அடுத்த வாட்டி ஊதிக்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள். மீதி இருந்த மேட்டை, நடந்து போகிறவனை விட மெதுவாக ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், செப்புக் குழாய் முனக ஆரம்பித்தது. பாய் தலையை ஜன்னலுக்கு வெளியே சாய்த்துக்கொண்டார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் ஈயம் பற்றவைக்கிறவர் ஓரத்தைப் பூசிக் கொடுத்தார். உள் குழாய் ஒன்றும் கிழியவில்லை. வெளியே டீ குடிக்கும்போது பாய் என்னைத் திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. “நல்லது பண்றன்னுதான் பண்ணியிருக்கற. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பன்” என்றார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

அப்புறம்தான் மூடி தேடினோம். கடைத்தெரு முழுக்க நாலு இல்லை. ஏழு இருந்தது. அப்போது ஓடிய புது லாரிகளுக்கு ஏழுதான். கடைக்காரர் ஏழு பவுண்டையே போடுங்க, நாலுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது, பத்திரம் என்றார். கேட்கிறதுக்கு நியாயமாக இருந்தது. நேற்று வரைக்கும் இருந்த நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இந்தத் தொட்டியைச் செய்தவன் நாலு பவுண்டுக்குச் செய்தான். அதற்கப்புறம் அது இருபது வருஷத்துக்கு மேல் கிழடாகியிருக்கிறது, இப்போது ஒரு தடவை உப்பியும் இருக்கிறது. அது ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு மாதம்மாளுடையது. ஏழு போட்டால் விசில் அடிக்கும். ஆனால் இரண்டாவது வளைவில் அடிக்காது, நாலாவதிலோ அத்திமரத்தடியிலோதான் அடிக்கும். அதற்கப்புறம் அவள் குடத்தை எடுத்து, மொண்டு, இறங்கி வர வேண்டும். வண்டி அதுவரை கொதித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த முறை பாயிடம் கேட்டேன். இரண்டு கணக்கையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பழைய மூடிய என்னா பண்ண?”

அரூர் திரும்பியதும் கழிவு டப்பாவைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில் கிரீசில் ஊறிக் கிடந்தது. ஸ்ப்ரிங் நன்றாக இருந்தது. போனது ரப்பர் மட்டும்தான், பாய் முதலிலேயே சொன்ன மாதிரி. லாரி ட்யூபில் வட்டம் வெட்டி, பக்குவம் பார்த்துப் பொருத்தினேன். மேஸ்திரி கல்யாணத்திலிருந்து வந்ததும் நடந்ததை நானே சொன்னேன். அவர் பதின்மூன்று பவுண்டு மூடியைக் கேட்டு வாங்கி, நான் உட்காருகிற பெட்டியின் மேல் ஆணி அடித்து மாட்டினார். அந்தப் பட்டறையை விட்டு நான் வருகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

ஆகவே கலா, நாலு கிடைக்கவில்லை என்று ஏழு பவுண்டை எடுக்காதே. தேடு. மணி, மூடியை மாட்டுவதற்கு முன்னால் அந்தத் தொட்டியின் ஓரத்தை விரலால் தடவிப் பார். சூட்டு முள் வேலை செய்கிறதா பார். அதை விட முக்கியம், இதை ஓட்டப் போகிறவர் யார் என்று கேள். அவர் வண்டியை எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று கேள். உனக்குக் குறையாகப் படுகிற ஏதாவது ஒன்றில் அவர் உயிர் தொங்கிக்கொண்டிருக்கலாம். நீ கேட்காமல் அவர் அதைச் சொல்ல மாட்டார். அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்கே தெரியாது.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பழைய மூடி போட்டதற்கப்புறம் பாய் முதல் லோடு ஏற்றிக்கொண்டு போன நாள் எனக்கு விடுமுறை. என் கையால் வெட்டிய ரப்பர் அது. பிடிக்குமா, பிடிக்காதா என்று எனக்கு முன்தினம் சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின் கேரியரில் இரண்டு பக்கமும் தண்ணீர் டின் கட்டியிருந்தேன். மலை அடிவாரம் வரை மிதித்து, அதற்கு மேல் தள்ளிக்கொண்டு போனேன். அத்திமரத்துக்குக் கொஞ்சம் மேலே, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பாறைக்குப் பின்னால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. ஈ ஒன்று காதைச் சுற்றியது, அதை விரட்டக்கூடப் பயமாக இருந்தது. காத்திருந்து காத்திருந்து, கீழே எங்கோ வண்டி முனகுவது கேட்டது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், உதட்டுக்குள் முனகுகிற மாதிரி ஆரம்பித்து, நீண்டு, மலையில் மோதித் திரும்பியது. மேலே ஒரு குடம் இன்னொரு குடத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது.

வண்டி அத்திமரத்தடியில் நின்றது. அவர்கள் வம்பு பேசிச் சிரிப்பது கேட்டது, வார்த்தை புரியவில்லை. நான் பாறைக்குப் பின்னாலேயே இருந்தேன். வண்டி கிளம்பி மேலே போய்ச் சத்தம் அடங்கின பிறகு, அந்த இரண்டு டின் தண்ணீரையும் அத்திமரத்தின் வேரில் ஊற்றினேன். காலி டின்கள் கடகடவென்று ஆட, இறக்கத்தில் சைக்கிளை விட்டேன்.